யாரும் கேட்காத திருத்தம்

அன்பிற்குரிய தலைவர், டில்லி துவாரகா தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கும் திருமதி வத்சலா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மறைந்த டாக்டர் மாதங்கி அவர்களின் கணவர் கஸ்தூரிரங்கன் சார் அவர்களே! அம்மாவைப் பறிகொடுத்து நிற்கும் மகள் சுபாஷிணி! லோதி ரோட்டின் இந்தப் பள்ளி மண்டபத்துக்கு மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கலியமூர்த்தி. உயிர்வேதியியல் படித்தவன். டாக்டர் மாதங்கியின் ஆய்வகத்துக்கு எதிர் அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். இந்த 2008ஆம் ஆண்டில் மட்டும் நான் பேசும் மூன்றாவது இரங்கல் உரை இது. முதல் இரண்டும் நன்றாக இருந்தன என்று சொன்னார்கள். இன்று நன்றாகப் பேசும் தெம்பு எனக்கு இல்லை. அடுக்குமொழி வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று தெரியுமா? துவாரகாவில் அவர் குடியிருந்த அடுக்குமாடிச் சொசைட்டியைச் சேர்ந்த ஒருவர் இன்று வாசலில் என்னிடம் கேட்டார்: "சார், அவங்க கோழி டாக்டர்தானே?" நான் சிரிக்கவில்லை. அப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது.

நம் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சிறிய நரம்பு முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் ஆயிரக்கணக்கான நரம்பு செல்கள். சில செல்கள் சூட்டை உணரும். சில வலியை உணரும். சில, கால் எங்கே இருக்கிறது, கை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தசையிலிருந்து தகவல் சொல்லும். இன்னும் சில, மெல்லத் தொடுவதை உணரும். ஒரு துணியின் மேல் விரலை ஓட்டினால் அது பட்டா பருத்தியா என்று தெரிகிறதே, அந்த வேலை இவற்றுடையது. ஆனால் கருவில் இவை தோன்றும்போது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்! மைக்ரோஸ்கோப்பில் எத்தனை முறை பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இதில் எது தொடுவதை உணரப்போகும் செல்? அதை எப்போது, எதைக் கொண்டு அடையாளம் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வகை செல்லும் தனக்கென்று சில மூலக்கூறுகளைச் செய்துகொள்ளும். அந்த மூலக்கூறைக் கண்டுபிடித்து, அதற்கு நிறம் ஏற்றிப் பார்த்தால் செல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொடு உணர்வு செல்லின் அந்த அடையாளம் எது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் டாக்டர் மாதங்கி தம் வாழ்நாளைச் செலவிட்டார். இந்த ஒரே ஒரு கேள்விக்காக!

கோழிக்கருவில்தான் அவருடைய ஆய்வு. குர்கான் பக்கத்துப் பண்ணையிலிருந்து முட்டைகள் வரும். அவற்றை ஒரே வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். டில்லியின் மே மாதத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கோடையில் எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர் பழுதாகிவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சூடேற்றும் முட்டைப்பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு துவாரகா வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். சொசைட்டியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆசாரமான குடும்பம். சமையலறையில் வெங்காயம் நுழைவதற்கே யோசிக்கிற வீடு. அங்கே கூடத்தில் டஜன் கணக்கில் முட்டை! சொசைட்டி செயலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாபிஜி, ஆப் லோக் தோ ப்யூர் வெஜ் தே நா?", நீங்கள் சுத்த சைவம்தானே என்று கேட்டாராம். மாதங்கி, "ஹான் ஜி, அபி பீ ஹைன். யே கானே கே லியே நஹீ", இப்போதும் சைவம்தான், இது சாப்பிடுவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஆய்வகத்துக்குப் போன நேரங்களில் முட்டைகளைத் திருப்பி வைத்தவர் யார்? இதோ முன்வரிசையில் இருக்கும் கஸ்தூரிரங்கன் சார்தான். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்தவர், லீவு போட்டுவிட்டு முட்டை திருப்பினார்!

1998ஆம் ஆண்டு அவருடைய முதல் பெரிய கட்டுரை வந்தது. அவர் ஆய்வகத்திலேயே ஓர் ஆன்டிபாடியை உருவாக்கியிருந்தார். ஆன்டிபாடி என்றால், குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பதினேழு'. பதினேழாவது குப்பியிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். அந்தப் பதினேழு, கரு வளர்ச்சியின் மிகத் தொடக்கத்திலேயே முடிச்சுக்குள் சில பெரிய செல்களில் மட்டும் ஒட்டியது. பழுப்பு நிறத்தில் அவை தனித்துத் தெரிந்தன. அவை எல்லாம் தொடு உணர்வு செல்கள், பதினேழு ஒட்டும் புரதம்தான் அவற்றின் முதல் அடையாளம் என்று மாதங்கி எழுதினார். வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. பதினேழைக் கேட்டுப் பல ஆய்வகங்களிலிருந்து கடிதம் வந்தது. எல்லோருக்கும் அனுப்பினார். பெரிய ஆய்வுத்திட்டம் கிடைத்தது. மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாரே, அந்தக் கௌதமன்.

2001இல், பனி இறங்கிய ஒரு ஜனவரி முற்பகலில், கௌதமன் ஒரு ஸ்லைடோடு அவர் அறைக்கு வந்தார். நான் அப்போது அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். கௌதமன் செய்திருந்த சோதனை எளிமையானது. கருவின் கால் தசைக்குள் ஒரு சிவப்புச் சாயத்தை ஏற்றியிருந்தார். சாயம் நரம்பு வழியாக ஏறி, தசைக்குச் சொந்தமான செல்களை மட்டும் சிவப்பாக்கும். அந்தச் சிவப்புச் செல்களில் பதினேழு ஒட்டக் கூடாது. ஏனென்றால் அவை தொடு உணர்வு செல்கள் இல்லை. ஆனால் ஒட்டியிருந்தது.

மாதங்கி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "திரும்பப் பண்ணு கௌதமா" என்றார். திரும்பச் செய்தார். அதே விடை. "இன்னொரு தரம் பண்ணு. இந்தத் தடவை நான் பக்கத்தில உக்காந்துக்கறேன்." மறுபடியும் அதே விடை. பிறகு என் அறைக்கு அவரே வந்தார். பதினேழு உண்மையில் எதில் ஒட்டுகிறது என்று புரதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். பிரித்துப் பார்த்தோம். பதினேழு ஒட்டியது ஒரு புரதத்தில் அல்ல, இரண்டில்! கிட்டத்தட்ட ஒரே உருவம் கொண்ட இரண்டு வேறு புரதங்கள். முன்பு நாங்கள் வைத்திருந்த முறையில் அவை ஒன்றாகவே தெரிந்திருந்தன. நாங்கள் கண்டது ஓர் அடையாளம் அல்ல. இரண்டு அடையாளங்களின் கலவை.

நண்பர்களே, இது குற்றமா? இல்லை. அறிவியலில் இப்படி நடக்கும். மெல்ல, சத்தமில்லாமல், அடுத்த கட்டுரையில் ஒரு வரி சேர்த்துச் சரி செய்துகொள்வார்கள். ஆனால் மாதங்கி அப்படிச் செய்யவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதினார். பதினேழை வாங்கிப்போன ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் தனித்தனியாக எழுதினார்.

எங்கள் பிரிவின் தலைவர் அவரைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பிரிவைப் பற்றிய கவலை அவருக்கு. கதவு திறந்திருந்தது, தாழ்வாரத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"கிஸ்னே பூச்சா, மாதங்கி ஜி? யாராவது கேட்டாங்களா? ஜர்னல் கேட்டதா?"

"யாரும் கேக்கல்ல சார்."

"தோ ஃபிர்? அப்புறம் எதுக்கு?"

"யாராவது கேட்டப்புறம் சொன்னா அது பதில் சொல்றதுதானே சார். இது நான் எழுதினது. நானே சொல்லணும்."

அவ்வளவுதான். வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "காபி ஆறிப்போயிருக்கும், வாங்கோ கலியமூர்த்தி, வேற போடலாம்" என்றார்.

பிறகு நடந்தவற்றைச் சொல்ல எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஆய்வுத்திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு அனுமதி வரவில்லை. பதவி உயர்வு தள்ளிப்போனது, தள்ளிப்போனது, கடைசிவரை தள்ளிப்போனது. பெரிய ஆய்வகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். இரண்டு மாணவர்கள் வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டார்கள். கருத்தரங்குகளில் அவர் நுழையும்போது பேச்சு சற்றே நின்று பிறகு தொடரும். நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது கௌதமனின் கேள்விதான். கௌதமன், நீங்களே இதைச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். மூன்று ஆண்டு உழைப்பு, பாதி எழுதிய ஆய்வேடு, எல்லாம் பதினேழை நம்பிச் செய்தது. ஒருநாள் அவர் வெடித்துவிட்டார்.

"நீங்க நேர்மையா இருங்க மேடம், வேணாங்கல. அதுக்கு நான் எதுக்கு அடி வாங்கணும்? எங்கப்பா கடலூர்லேர்ந்து வாராவாரம் போன் பண்ணி எப்ப முடியும்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது?"

மாதங்கி சமாதானம் சொல்லவில்லை. "நியாயமான கேள்விதான் கௌதமா" என்றார்.

கௌதமன் போய்விட்டார். குர்கானில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். போனை எடுக்கவில்லை. ஆனால் மாதங்கி விட்டாரா? விடவில்லை! தவறைக் கண்டுபிடித்ததே ஒரு முழுமையான ஆய்வு, அதற்கே பட்டம் தரலாம் என்று பல்கலைக்கழகக் குழுவிடம் வாதாடினார். ஒரு கூட்டத்தில் இல்லை, பல கூட்டங்களில். தன் தவற்றை மற்றவர்கள் முன்னால் மறுபடியும் மறுபடியும் விளக்கிச் சொல்லி வாதாடினார். அது எத்தனை அலுப்பான வேலை என்று யோசித்துப் பாருங்கள்! கடைசியில் குழு ஒப்புக்கொண்டது. கஸ்தூரிரங்கன் சார் நேரே குர்கானுக்குப் போய்க் கௌதமனை அழைத்து வந்தார்.

வாய்மொழித் தேர்வில் நானும் இருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சற்றே ஏளனமாகக் கேட்டார், "ஆமாம், நீங்க இதுல என்னதான் கண்டுபிடிச்சீங்க?"

கௌதமன் சொன்னார்: "எங்க மேடம் சொன்னது தப்புன்னு கண்டுபிடிச்சேன் சார்."

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் சிரித்தவர் மாதங்கி!

மாடிப்படி அறையில் அவர் மறுபடியும் தொடங்கினார். பதினேழு ஒட்டிய இரண்டு புரதங்களில் ஒன்றாவது தொடு உணர்வு செல்லுக்கு உரியதாக இருக்குமா? இனி ஆன்டிபாடியை நம்ப முடியாது. ஒவ்வொரு புரதத்துக்கும் செல் தனக்குள் ஒரு செய்முறைக் குறிப்பை எழுதிவைத்திருக்கும். அந்தக் குறிப்பையே நேராகத் தேடிப் பிடித்து ஊதா நிறம் ஏற்றும் முறை ஒன்று உண்டு. பொறுமையைச் சோதிக்கிற முறை. ஒரு சிறு அசுத்தம் பட்டாலும் வாரக்கணக்கான வேலை பாழ். அதை அவரும், புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் செல்வியும் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். நான் அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். "எப்படிப் போகுது மேடம்?" என்றால், "போறது" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

2006இல் மார்பகப் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை, பிறகு மருந்து. அந்த மருந்து உயிரைக் காக்கும், ஆனால் விரல் நுனி நரம்புகளைக் கெடுக்கும். சிலருக்கு அப்படி ஆகும். அவருக்கு ஆனது. யாருக்கு? தொடு உணர்வு எப்படி உருவாகிறது என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவருக்கு! இதை என்னவென்று சொல்வது? அவர் இதைப் பற்றிப் புலம்பவில்லை. ஒருநாள் என் அறைக்கு வந்து காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சுடறது தெரியறது கலியமூர்த்தி. தொடறது தெரியல்ல. சட்டைப் பட்டன் போட முடியல்ல. கண்ணை மூடிண்டா கையில கோப்பை இருக்கா இல்லையான்னே தெரியல்ல. ஆனா சூடு மட்டும் பளிச்னு தெரியறது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன். அளவைக் குறைக்கலாம்கறார். குறைச்சா நோய் திரும்பறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும்கறார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். விரல் போனாப் போறது. செல்வி விரல் இருக்கே."

அதன்பின் கருவிலிருந்து நரம்பு முடிச்சைப் பிரித்தெடுக்கும் வேலை முழுவதும் செல்வியின் கைக்குப் போனது. மாதங்கி பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். அவர் கையில் பிரித்தெடுக்கும் ஊசி இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எட்டிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் விடை தெரிந்தது. இரண்டு புரதங்களில் ஒன்று தசைக்குரிய செல்களுடையது. மற்றொன்று தொடு உணர்வு செல்களில் மட்டும் இருந்தது. அவற்றில் மட்டும்! தசைச் சாயம் ஏற்றிய எந்தச் செல்லிலும் அது இல்லை. ஆனால் 1998இல் அவர் எழுதியதுபோல மிகத் தொடக்கத்தில் அது தோன்றவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் தோன்றியது. ஆக, அவர் முதலில் சொன்னது பாதி சரி, பாதி தவறு. கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதை எழுதச் சொன்னார்.

கட்டுரையை அனுப்பத் தயாரானபோது ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வகம், எலியில், அதே புரதத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டது. செல்வி அழுதுவிட்டார். நானும் கோபப்பட்டேன். பத்து ஆண்டு! ஒரு பெண்மணி பத்து ஆண்டு உழைத்தபின் இதுவா கிடைக்க வேண்டும்? மாதங்கி அந்தக் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தார்.

"நன்னா பண்ணியிருக்கா. நம்ம கோழியில பார்த்ததும் அவா எலியில பார்த்ததும் ஒண்ணா இருக்கு பார். அப்போ இது நிஜம்தான் செல்வி. இந்தத் தடவை நிஜம்."

அந்த 'இந்தத் தடவை' என்ற சொல்லில் எத்தனை ஆண்டுகளின் பாரம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவருடைய கட்டுரை ஒரு சிறிய இதழில், பின்பக்கங்களில் வந்தது. அதைப் பார்த்தார். அதற்குள் நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. சென்ற மாதம் போய்விட்டார்.

கடைசி வாரத்தில் மருத்துவமனையில் சுபாஷிணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டில்லியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் கொஞ்சம் தடுமாறும். "அம்மா, நான் கை பிடிச்சிருக்கேன், தெரியறதா?" என்று கேட்டார். மாதங்கி பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர், "விரல்ல தெரியல்லடி. மேல, முழங்கைகிட்ட பிடிச்சுக்கோ. அங்க நன்னா தெரியறது" என்றார். சுபாஷிணி கையை மேலே நகர்த்திப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்ல சுபாஷிணியிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

நண்பர்களே, இங்கே பேசியவர்கள் அவரைப் பெரிய விஞ்ஞானி என்றார்கள். பெரிய விஞ்ஞானி என்று அவரை யார் ஒப்புக்கொண்டார்கள்? விருது கொடுத்தார்களா? ஆய்வகம் கொடுத்தார்களா? இன்று பாராட்டுவது சுலபம். அவர் தாழ்வாரத்தில் தனியாக நடந்த ஆண்டுகளில் கூடவே நடந்தவர்கள் சிலர்தான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

சோர்வாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெறும் கண்ணீரோடு கலைந்துபோவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அவர் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் புரதம் தொடு உணர்வு செல்லில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது வெறும் அடையாளமா? அல்லது அந்தச் செல்லைத் தொடு உணர்வு செல்லாக ஆக்குவதே அதுதானா? கருவில் அந்தப் புரதத்தை உருவாகவிடாமல் தடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சோதனையைச் செல்வி தொடங்கிவிட்டார். நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. மாடிப்படி அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். மறுத்தால் என் அறையில் பாதியைச் செல்விக்குக் கொடுப்பேன். கௌதமன் தன் கம்பெனி விடுமுறை நாட்களில் வந்து சாயம் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை.

இந்தச் சபையின் முன்னால், கஸ்தூரிரங்கன் சார் முன்னால், சுபாஷிணி முன்னால், எங்கள் மூவரின் சார்பில் உறுதி சொல்கிறேன். இந்தச் சோதனையை முடிப்போம். விடை டாக்டர் மாதங்கி நினைத்தபடி வந்தால் சொல்வோம். அவர் நினைத்ததற்கு நேர்மாறாக வந்தால், அதையும் அவர் பெயரைப் போட்டே, முதல் பத்தியிலேயே சொல்வோம்.

எல்லோரும் எழுந்து நின்று சற்று நேரம் அவரை நினைத்துக்கொள்வோம். முடியாதவர்கள் உட்கார்ந்தே நினைத்துக்கொள்ளலாம்.